மேற்படி சொல்

அந்தப் பாட்டை நான் நான்கு தடவை கேட்டிருக்கிறேன் என்று இவர்களிடம் சொல்லிவிடக் கூடாது. முதல் தடவை பாதியிலேயே அணைத்துவிட்டேன். இரண்டாம் தடவை கோபம் வந்தது, பாடியவன் மேல்தான். மூன்றாம் தடவை பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டேன். நான்காம் தடவை என்ன வந்தது என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை. பிடிபடும் வரைக்கும் இவர்கள் என்னிடம் எதுவும் கேட்காமல் இருந்தால் போதும்.

இப்படி நினைத்துக்கொண்டே அறிவுமதி நடவடிக்கைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் ஓரக்கோடு போட்டாள். அவள் கவலை வீண். அந்தப் பாட்டைப் பற்றி அவள் என்ன நினைக்கிறாள் என்று கடைசி வரைக்கும் யாரும் கேட்கவில்லை.

தஞ்சாவூருக்குக் கிழக்கே, நான்கு பக்கமும் வயல் சூழ நிற்கும் காவேரிப் படுகைக் கலை அறிவியல் கல்லூரியில் அவள் வரலாற்றுத் துறைக் கௌரவ விரிவுரையாளர். ஆறு வருடமாகக் கௌரவமாக இருக்கிறாள், நிரந்தரமாகத்தான் இல்லை. கையெழுத்து அழகாக இருக்கும், எந்த வேலை கொடுத்தாலும் மாட்டேன் என்று சொல்லக்கூடிய நிலையில் இல்லை என்ற இரண்டு தகுதிகளின் பேரில் விசாரணைக் குழுவுக்குக் குறிப்பெழுதும் பொறுப்பு அவளிடம் வந்தது.

விசாரணை இதுதான். மாசி மாதம் நடந்த ஆண்டு விழாவுக்கு மாணவர் பேரவை ஒரு ராப் பாடகனை அழைத்திருந்தது. பெயர் பிரபு, மேடையில் எம்.சி. வரப்பு. அவன் பாடிய பாட்டு ஒரு சொல்லைச் சுற்றியே வந்தது. டெல்டாவில் அவனுடைய ஆட்களை வயலிலும் வாசலிலும் நிற்கவைத்துக் கூப்பிடப் பயன்பட்ட சாதி வசவு அது. அதை அவன் தன்னையே சுட்டிக்காட்டி, மைக்கைக் கடித்துத் தின்பவன்போல, திரும்பத் திரும்பச் சொன்னான். முன்வரிசையில் இருந்த கல்லூரிச் செயலர் வைத்தியலிங்கம் தாளம் போட்டுக் கேட்டார். ஸ்பீக்கர் இரைச்சலில் ஒரு வார்த்தையும் புரியாததால் பாட்டு அவருக்குப் பிடித்திருந்தது. தானே மேடையேறி அவனுக்குச் சால்வை போர்த்தினார். மறுநாள் காலை, துபாயில் இருக்கும் அவர் மகன் அந்த வீடியோவை வரி வரியாக எழுத்துப் போட்டு அனுப்பினான். காபி ஆறும் முன்னே செயலரின் மனம் புண்பட்டுவிட்டது.

கல்லூரி நிற்கும் நிலம் செயலரின் தாத்தா எழுதிவைத்தது. ஆகவே அவர் மனம் புண்பட்டால் அது நிர்வாகம் புண்பட்டதாகக் கணக்கு. மூன்றே நாளில் ‘சொற்பண்பாட்டு விசாரணைக் குழு’ அமைந்தது. தலைவர், மயிலாடுதுறையிலிருந்து ரயிலேறி வரும் ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஹரிஹரசுப்ரமணியன். உறுப்பினர், புண்பட்டவரான வைத்தியலிங்கமே. அழைப்பாளர், வணிகவியல் துறை ஸ்ரீரஞ்சனி.

ஸ்ரீரஞ்சனியின் பெயரைப் பார்த்ததும் அறிவுமதிக்கு மூச்சு வந்தது. இந்தக் கல்லூரியில் அவள் ‘அக்கா’ என்று கூப்பிடும் ஒரே ஆள். ஆறு வருடமாக இருவரும் வேப்பமரத்தடி சிமெண்ட் பெஞ்சில் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறார்கள்.

முதல் அமர்வில், அந்தச் சொல்லைக் கோப்பில் எப்படிக் குறிப்பிடுவது என்ற கேள்வி எழுந்தது. ‘அச்சொல்’ என்றால் எச்சொல் என்று கேட்பார்கள். புள்ளி புள்ளியாக வைத்தால் படிப்பவர்கள் வேறு கெட்ட வார்த்தையாக நிரப்பிக்கொள்வார்கள். இரண்டு மணி நேரமும் ஒரு தட்டுக் கீரை வடையும் செலவானபின் ‘மேற்படி சொல்’ என்று முடிவாயிற்று. அறிவுமதி ஏட்டில் எழுதிய முதல் வாக்கியம்: ‘மேற்படியார் மேற்படி மேடையில் மேற்படி சொல்லை மேற்படி பாடலில் பயன்படுத்தியதாக மேற்படி விழாவுக்கு வந்திருந்தோர் தெரிவிக்கின்றனர்.’

தலைவர் அதை இரண்டு தடவை படித்துப் பார்த்தார்.

“தெளிவா இருக்கு” என்றார்.

பிறகு அவர் அந்தச் சொல்லின் வரலாற்றை முக்கால் மணி நேரம் விளக்கினார். அது பழங்காலத்தில் எவ்வளவு பெருமையாக வழங்கிய சொல், அதைச் சுமந்தவர்கள் எவ்வளவு கொடுத்துவைத்தவர்கள் என்றெல்லாம் சொல்லி, “பாருங்கோ, சொல்லுக்கு ஒரு குறையும் கிடையாது. அதை அனுபவிக்கத் தெரியல, அவ்வளவுதான்” என்று முடித்தார்.

வைத்தியலிங்கம் தலையாட்டினார். “எங்க வீட்ல எல்லாம் அன்பாத்தாங்க கூப்பிடுவோம். எங்கப்பாரு கூப்பிட்டா நாலு வயலுக்கு அப்பால இருந்து ஓடிவருவாங்க. ஒருத்தரும் ஒரு நாளும் கோவிச்சுக்கிட்டதில்ல. இந்தப் பய கோவமா சொல்றான் பாருங்க, அங்கதான் தப்பு.”

“அதாவது, சொன்ன விதம்?” என்றார் தலைவர்.

“விதம்தான். சொல்லட்டும். சிரிச்சுக்கிட்டுச் சொல்லலாம்ல?”

‘விதம் ஆட்சேபத்துக்குரியது’ என்று அறிவுமதி எழுதினாள். எதிரே இருந்த ஸ்ரீரஞ்சனியைப் பார்த்தாள். ஸ்ரீரஞ்சனி யாருக்கும் தெரியாமல் கண்ணை உருட்டிக் காட்டினாள். அந்தக் கண் உருட்டல் போதும், இன்னும் ஒரு மாதம் தாங்கலாம் என்று அறிவுமதிக்குத் தோன்றியது.

குழு பிரபுவுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பியது. அவனிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: ‘வருகிறேன். அந்தச் சொல்லை என்னிடம் முதலில் சொன்னவரையும் கூப்பிடுங்கள்.’ அந்த முதல் நபரின் முழுப் பெயர், தகப்பனார் பெயர், முகவரி ஆகியவற்றை அஞ்சல் குறியீட்டு எண்ணுடன் ஏழு நாளுக்குள் அனுப்பும்படி குழு மறுகடிதம் போட்டது. அதற்குப் பதில் வராததால், அவன் ஒத்துழைக்கவில்லை என்று பதிவாயிற்று.

இரண்டாம் அமர்வில் பாட்டைக் கேட்பது என்று ஏற்பாடு. கேட்கும்போது அந்தச் சொல் உறுப்பினர்கள் காதில் விழுந்துவிடக் கூடாது. செயலரே வழி கண்டுபிடித்தார். கூட்ட அறைக்கு வெளியே வராந்தாவில்தான் கல்லூரி மணி தொங்குகிறது. மணி என்றால் ஒரு தண்டவாளத் துண்டு. அலுவலக உதவியாளர் பரணிதரன் பாட்டை முன்கூட்டியே கேட்டு மனப்பாடம் செய்து, அந்தச் சொல் வரும் இடத்தில் எல்லாம் தண்டவாளத்தில் ஓங்கி ஒரு அடி அடிக்க வேண்டியது.

பரணிதரன் ஐம்பத்தாறு வயசுக்காரர். இரண்டு நாள் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு பயிற்சி எடுத்தார். அமர்வன்று ஒன்றுகூடத் தப்பவில்லை. பதினான்கு அடியும் இடம் பார்த்து விழுந்தன. உள்ளே மூன்று பேரும் கண்ணை மூடி, பாட்டையும் மணியையும் கேட்டார்கள்.

மூன்றாவது அடியிலேயே கணிதத் துறை வெளியே வந்துவிட்டது. ஏழாவது அடியில் இயற்பியல் ஆய்வகம் பூட்டப்பட்டது. பதினான்கு முடிந்தபோது கல்லூரியில் ஒருவரும் இல்லை. ஆயிரத்து எண்ணூறு பிள்ளைகளும் பேருந்து நிறுத்தத்தில் நின்றார்கள். சாலையில் காயப்போட்டிருந்த நெல்லை மிதித்துவிட்டார்கள் என்று விவசாயிகள் தனியாக ஒரு புகார் கொடுத்தார்கள். அது மேற்படி சொல்லால் விளைந்த பொது அமைதிக் குலைவு என்று குழு பதிவுசெய்தது.

அந்தத் தண்டவாளச் சத்தம் அறிவுமதிக்குப் பழக்கமானது. அவள் அப்பா மயிலாடுதுறை ஜங்ஷனில் தண்டவாளம் பார்க்கும் கேங்மேன். விரிசல் இருக்கிறதா என்று சுத்தியலால் தட்டிக் கேட்டுக்கொண்டே நடப்பார். நல்ல இரும்பு ஒரு மாதிரி சொல்லும், விரிசல் விழுந்த இரும்பு வேறு மாதிரி சொல்லும் என்பார். அன்று அவள் எந்த வித்தியாசத்தையும் கவனிக்கவில்லை.

மூன்றாம் அமர்வில் சிக்கல் முற்றியது. குழு கேட்டது பதினான்கு மணியோசையை மட்டும்தான். ஆகவே அந்தச் சொல் சொல்லப்பட்டது என்பதற்குச் சாட்சியமே இல்லை என்று தலைவர் கண்டுபிடித்தார். யாராவது ஒருவர் குழுவின் முன்னால் பாட்டைப் படித்து, அந்தச் சொல்லைச் சொல்லி, அது பதிவாக வேண்டும்.

“நீங்களே படிச்சுடுங்களேன்” என்றார் வைத்தியலிங்கம்.

“ஐயையோ, நானா? சட்டம் இருக்கே. நாளைக்கு யாராவது என் மேல கேஸ் போட்டா?”

கல்லூரியின் சட்ட ஆலோசகருக்குப் போன் போட்டார்கள். அவர் ஸ்பீக்கரில் யோசித்து யோசித்துச் சொன்னார். குழுவில் யார் சொன்னாலும் வில்லங்கம்தான். அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவரே சொன்னால் ஒன்றும் செய்ய முடியாது. அதுதான் பாதுகாப்பு.

“நம்ம காலேஜ்ல அப்படி யாராவது இருக்காங்களா?” என்றார் வைத்தியலிங்கம்.

யாரும் அறிவுமதியைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க எல்லோரும் எடுத்துக்கொண்ட சிரத்தை அறை முழுக்கத் தெரிந்தது.

“கூட்டிப் பெருக்குறவங்க பதினோரு பேர் இருக்காங்க” என்றார் செயலர் தானாகவே. “ஆனா படிக்கத் தெரியணுமே.”

“நான் பாத்து ஏற்பாடு பண்றேன் சார்” என்றாள் ஸ்ரீரஞ்சனி.

அன்று மதியம் வேப்பமரத்தடியில் ஸ்ரீரஞ்சனி தன் டப்பாவில் இருந்த சேப்பங்கிழங்கு வறுவல் முழுவதையும் அறிவுமதியின் தட்டில் போட்டாள். “சாப்பிடு, இளைச்சுட்ட” என்றாள். தனக்கு ஒன்றுகூட வைத்துக்கொள்ளவில்லை. யாரைக் கூப்பிடப் போகிறீர்கள் அக்கா என்று கேட்க அறிவுமதிக்கு வாய் வரை வந்தது. வறுவல் மொறுமொறுவென்று இருந்தது. கேட்கவில்லை.

நான்காம் அமர்வு தொடங்கியதும் தலைவர் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தார். “இணைப்பு மூன்று. பாதிக்கப்பட்டவரோட அனுபவம். பேர் வேண்டாம்னு கேட்டுண்டிருக்காங்க” என்று சொல்லிவிட்டு, வானொலி நாடகத்துக்குப் படிப்பதுபோலப் படிக்க ஆரம்பித்தார்.

“எனக்கு அப்போது பதினொரு வயது. எங்கள் கிராமத்துக் களத்துமேட்டில் நெல் மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பெயர் நினைவில்லாத ஒரு பண்ணையார், நான் மூட்டைக்குப் பின்னால் இருப்பது தெரியாமல், மேற்படி சொல்லைச் சொல்லி என்னைப் பற்றிப் பேசினார்…”

அறிவுமதி எழுதிக்கொண்டே வந்தாள். யாரோ பாவம், சின்னப் பெண் என்று நினைத்தாள்.

“முப்பத்தேழாவது மூட்டையில் எனக்கு எண்ணிக்கை தப்பியது. வேறு என்ன செய்வது என்று தெரியாததால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தேன்.”

பேனா நின்றது.

அது மூட்டை இல்லை. சாக்பீஸ் பெட்டி. அது களத்துமேடு இல்லை. இந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் ஸ்டோர் ரூம். அவளுக்குப் பதினொரு வயது இல்லை, இருபத்தொன்பது. வேலைக்குச் சேர்ந்து பதினெட்டாம் நாள். இரும்பு அலமாரிக்கு அந்தப் பக்கம் நின்று அலுவலக சூப்பிரண்டிடம் சிரித்துக்கொண்டே அந்தச் சொல்லைச் சொன்னவர் வைத்தியலிங்கம். “இதுங்கெல்லாம் வந்து நாற்காலியில உக்காந்துட்டா, யாருய்யா நடவுக்கு வருவா” என்றும் கேட்டார். முப்பத்தேழில் தப்பிய எண்ணிக்கையை ஒன்றிலிருந்து எண்ணினாள் என்பது உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். அவளுக்கு. வேப்பமரத்தடியில் அதைக் கேட்டு அழுத ஸ்ரீரஞ்சனிக்கு. அன்று ஸ்ரீரஞ்சனி அழுத அழுகையில் அறிவுமதிதான் அவளைத் தேற்ற வேண்டியிருந்தது. “நமக்குள்ளயே இருக்கட்டும் அறிவு. செத்தாலும் வெளியில விட மாட்டேன்” என்று கையைப் பிடித்துச் சொன்னாள். ஆறு வருடம் இருந்தது.

இப்போது அவளுக்கு ஒரு கிராமம் கொடுத்திருந்தார்கள். ஒரு களத்துமேடு, ஒரு பாவாடை சட்டை வயது, மறதியான ஒரு பண்ணையார். எல்லாவற்றுக்கும் மேலே, கடைசி வரியில் ஒரு வேண்டுகோளும் கொடுத்திருந்தார்கள்: ‘ஆகவே இப்பாடலைத் தடைசெய்து என் போன்றோரின் மனத்தைக் காக்க வேண்டுகிறேன்.’

படித்து முடித்துத் தலைவர் கண்ணாடியைத் துடைத்தார். வைத்தியலிங்கம் துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

“எவன்யா அவன், ஈவு இரக்கம் இல்லாதவன்” என்றார். “சின்னப் புள்ளைய… இதுக்குத்தான் சொல்றேன், இந்தப் பாட்டெல்லாம் பாட விடக்கூடாது.”

காபிக்காக ஐந்து நிமிடம் விட்டார்கள். அறிவுமதி வராந்தாவுக்கு வந்து தண்டவாளத் துண்டுக்குப் பக்கத்தில் நின்றாள். ஸ்ரீரஞ்சனி பின்னாலேயே வந்தாள்.

“கோவமா அறிவு?”

“அக்கா, அது களத்துமேடு இல்லையே.”

“ஸ்டோர் ரூம்னு போட்டா எந்த ஸ்டோர் ரூம், யாருன்னு கேப்பாங்க. களத்துமேடுன்னு போட்டா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க.”

“எனக்கு ஊர்ல ஒரு களமும் கிடையாதுக்கா. நான் ரயில்வே குவார்ட்டர்ஸ்ல வளந்தவ. எங்க வீட்ல அரிசி ரேஷன் கார்டுக்குத்தான் வாங்குவோம்.”

“அதையெல்லாம் யார் பாக்கப் போறா? உன் பேரும் போடல.”

“சொன்ன ஆளு உள்ள உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்காரே.”

“அவருக்கே அது தான்தான்னு தெரியலைடி. கண்ணு கலங்கிட்டார், பாத்தியா?” ஸ்ரீரஞ்சனி அதை ஒரு நல்ல சேதிபோலச் சொன்னாள்.

“உங்களுக்குத் தெரியுமே.”

ஸ்ரீரஞ்சனி புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். சரியாகத்தான் இருந்தது, இன்னொரு தடவை சரிசெய்தாள். “உன் நிரந்தரக் கோப்பு அவர் மேசைல ஆறு மாசமாக் கிடக்கு. நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் தெரியுமா? இன்னைக்கு உள்ள வந்து அந்தப் பாட்டை மட்டும் படிச்சுடு. பதினாலே இடம். அடுத்த வாரம் கையெழுத்துப் போட்டுடறேன்னு அவரே சொன்னார். உனக்காகத்தான் நான் இதெல்லாம் பண்றேன்.”

உனக்காக என்ற சொல்லைக் கேட்டதும்தான் அறிவுமதிக்கு வலித்தது. செயலர் அன்று அலமாரிக்கு அந்தப் பக்கம் சொன்னது இந்த அளவுக்கு வலிக்கவில்லை. அவரிடம் அவள் எதையும் கொடுத்து வைத்திருக்கவில்லை.

உள்ளே அவளுக்காக மைக் வைத்திருந்தார்கள். பாட்டு அச்சடித்த தாளில், அந்தச் சொல் வரும் பதினான்கு இடங்களிலும் சிவப்பு மையில் அடிக்கோடு. ஓரத்தில் ஸ்ரீரஞ்சனியின் கையெழுத்தில் ‘நிறுத்தி, சத்தமாக’ என்று குறிப்பு. சொல் வெளியே கேட்டுவிடக் கூடாது என்பதற்காகப் பரணிதரன் வாசலில் இரும்புத் தடியைத் தூக்கிப் பிடித்து, அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு தயாராக நின்றார்.

“வெக்கப்படாம படிம்மா” என்றார் வைத்தியலிங்கம் கனிவோடு. “உங்க சொல்தானே.”

அறிவுமதி தாளைப் பார்த்தாள். நான்காம் தடவை கேட்டபோது என்ன வந்தது என்று அப்போது பிடிபட்டது. ஆறுதல். முன்வரிசையில் இவர் உட்கார்ந்திருக்க, இவர் வாயிலிருந்து வந்ததை ஒருவன் இவர் முகத்துக்கு நேரே திருப்பிச் சொல்லியிருக்கிறான். இவர் தாளம் போட்டிருக்கிறார். அவன் யாரிடமும் அனுமதி கேட்டு வாங்கிப் பாடவில்லை. யாரும் அவனுக்கு அடிக்கோடு போட்டுக் கொடுக்கவில்லை.

“நான் படிக்கலைங்க சார்.”

“கண்ணாடி வேணுமா?” என்றார் தலைவர்.

“வேண்டாங்க. தெரியுது. படிக்கல.”

“அது எப்படிம்மா? சட்டப்படி நீங்க ஒருத்தர்தான் சொல்லலாம். நீங்க சொல்லலைன்னா குழுவே நின்னுடுமே.”

ஸ்ரீரஞ்சனி மேசைக்கு அடியில் அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள். அறிவுமதி அந்தக் கையை எடுத்து, அதன் சொந்தக்காரியின் மடியிலேயே வைத்தாள். பிறகு தாளையும் மைக்கையும் மெதுவாக வைத்தியலிங்கத்தின் பக்கம் நகர்த்தினாள்.

“செயலர் சார் படிக்கட்டும்ங்க. நான் கேட்டிருக்கேன். தெளிவாச் சொல்வாங்க.”

வைத்தியலிங்கம் தாளைத் தொடாமல் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். ஏதோ ஒரு அலமாரி அவருக்கு ஞாபகம் வந்ததா என்பது முகத்தில் தெரியவில்லை. தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “மேற்படியார் படிக்க இயலாத நிலையில் இருந்தார்னு எழுதிக்கோங்க” என்றார்.

அறிவுமதி குறிப்பேட்டைத் திறந்தாள். ‘அறிவுமதி படிக்கவில்லை’ என்று எழுதினாள். அந்த ஏட்டில் ஒரு மனிதரின் பெயர் விழுந்தது அதுதான் முதல் தடவை. பேனாவை மூடி ஏட்டின் மேல் வைத்தாள்.

வாசலில் பரணிதரன் ஓங்கிய கையோடு நின்றுகொண்டிருந்தார். இப்போது அடிக்கலாமா, வேண்டாமா என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.